மிஷிகன் மாநிலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து சேர்பவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விகள் இவை. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. பெயர்களைப் பற்றிய கேள்விகள் கொஞ்சம் அதிகம். இங்கே ஓர் ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஏதாவது ஒரு தண்ணீர்க் கரையில்தான் போய் நிற்போம். அதனால் அவற்றை நான் குறைக்கவில்லை.

மிச்சிகனா, மிஷிகனா?

மிஷிகன். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'மிச்சிகன்' என்றுதான் வாயில் வரும். ஆனால் அந்த எழுத்துக்கூட்டல் பிரெஞ்சுக்காரர்கள் போட்டது. அவர்கள் மொழியில் 'சி', 'எச்' என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்தால் 'ஷ'. அவர்கள் காதில் விழுந்த சொல் ஒஜிப்வே மொழியின் 'மிஷிகாமி'. பெரிய தண்ணீர், பெரிய ஏரி என்று பொருள். முதலில் அது ஏரியின் பெயர். கரையில் இருந்த நிலத்துக்கு அதே பெயர் பிறகுதான் ஒட்டியது: 1805ல் ஆட்சிப் பகுதியாக, 1837 ஜனவரி 26ல் அமெரிக்காவின் 26ஆவது மாநிலமாக. நம் குடியரசு நாளும் அதே தேதி என்பதால் நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

அந்தப் பெயரை வைத்தவர்கள் இப்போதும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி என்ற மூன்று மக்களும் தங்களைச் சேர்த்து அனிஷினாபே என்று சொல்லிக்கொள்கிறார்கள். கூட்டாட்சி அரசு அங்கீகரித்த 12 பழங்குடி அரசுகள் இன்று மிஷிகனில் இருக்கின்றன. 1836ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒடாவா, ஒஜிப்வே மக்கள் இன்றைய மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் மீன் பிடிக்கும் உரிமையை விடவில்லை. அந்த உரிமை இன்றும் செல்லும் என்று 1979ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வடக்கே ஏரிக்கரைக் கடைகளில் ஒயிட்ஃபிஷ் வாங்கும்போது அதைப் பிடித்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஏன் எல்லாரும் உள்ளங்கையைக் காட்டுகிறார்கள்?

உங்கள் வலது உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். நான்கு விரல்களையும் சேர்த்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் விரியுங்கள். இதுதான் கீழ்த் தீபகற்பம். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் சேகினா வளைகுடா. கட்டைவிரல் அடியில் டெட்ராய்ட், உள்ளங்கை நடுவில் தலைநகர் லேன்சிங், சுண்டுவிரல் நுனிப் பக்கம் டிராவர்ஸ் சிட்டி, நடுவிரல் நுனியில் மேக்கினா. கட்டைவிரல் பகுதியை அரசு அறிவிப்புகளில்கூட 'தம்ப்' என்றுதான் எழுதுகிறார்கள்.

இதற்கு மேலே, இடது கையைப் படுக்க வைத்தது போல மேல் தீபகற்பம் இருக்கிறது. 'யூ பி' என்பார்கள். மாநிலத்தின் நிலத்தில் கால் பங்குக்கும் மேல் அங்கே. மக்களோ நூற்றுக்கு மூன்று பேர்தான். ஐந்து பேரேரிகளில் சுப்பீரியர், மிஷிகன், ஹியூரன், ஈரி நான்கும் இந்த மாநிலத்தைத் தொடுகின்றன. ஒன்டேரியோ மட்டும் தொடவில்லை. எந்த இடத்தில் நின்றாலும் 85 மைலுக்குள் ஒரு பேரேரி இருக்கும்.

மேல் தீபகற்பம் விஸ்கான்சினோடுதானே ஒட்டியிருக்கிறது? மிஷிகனுக்கு எப்படி வந்தது?

ஒரு சண்டையின் ஈடாக வந்தது. மிஷிகன் ஏரியின் தென்முனை எங்கே இருக்கிறது என்பதைப் பழைய வரைபடங்கள் தவறாகக் காட்டியதால், டொலிடோ நகரை ஒட்டிய ஒரு துண்டு நிலத்துக்கு மிஷிகனும் ஒஹையோவும் உரிமை கொண்டாடின. 1835ல் இரு பக்கமும் படை திரட்டின. அப்போது மிஷிகனை நடத்தியவர் ஸ்டீவன்ஸ் மேசன். அவருக்கு வயது 23. உயிர்ச்சேதம் இல்லை, பேனாக்கத்திக் குத்து வாங்கிய ஓர் அதிகாரிதான் பெரிய காயம் பட்டவர். கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், டொலிடோவை ஒஹையோவுக்குக் கொடுத்து, மிஷிகன் மாநிலமாக வேண்டுமென்றால் மேல் தீபகற்பத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்றது. பனிக்காடு ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அன்று இங்கே எல்லாருக்கும் ஆத்திரம்.

சில ஆண்டுகள்தான். 1841ல் டக்ளஸ் ஹௌட்டன் என்ற நிலவியலாளர் கீவினா முனையில் செம்பு இருப்பதாக அறிக்கை கொடுத்தார். மற்ற இடங்களைப் போல உருக்கிப் பிரிக்க வேண்டிய தாது இல்லை, பாறைக்குள் கட்டி கட்டியாகச் சுத்தச் செம்பு. 1844ல் நிகானி பக்கம் இரும்பும் கிடைத்தது. பழங்குடி மக்கள் அதே செம்பைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தோண்டிக் கருவிகள் செய்திருந்தார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிக்கை எழுதியவர் கண்டுபிடித்ததாக மட்டும் சொல்வது நியாயமில்லை.

'மேக்கினாக்' என்று சொன்னால் ஏன் திருத்துகிறார்கள்?

கடைசி 'க்' பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் மிச்சம், ஒலிக்காது. தீவும், இரண்டு தீபகற்பங்களையும் இணைக்கும் பாலமும் ஒரு விதமாக எழுதப்படுகின்றன, எதிர்க்கரையில் இருக்கும் ஊர் வேறு விதமாக எழுதப்படுகிறது. உச்சரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே: 'மேக்கினா'. 'மிஷிலிமேக்கினாக்' என்ற பழைய பெயரின் சுருக்கம் அது. பெரிய ஆமை என்று பொருள் சொல்வார்கள். ஃபெரியில் போகும்போது தீவு தண்ணீரிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு எழும்புவதைப் பார்த்தால் அந்தப் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாலத்தில் ஓட்டுவதற்குப் பயமாக இருக்குமா?

சிலருக்கு இருக்கும். மேக்கினா பாலம் சுமார் 5 மைல் நீளம், 1957 நவம்பர் 1ல் திறந்தது. நடுவில் சாலை தண்ணீருக்கு 200 அடி உயரத்தில் போகிறது. உள்பக்க வழி இரும்புக் கிராதி. கீழே பார்த்தால் இடுக்கு வழியாக ஏரி தெரியும், டயரிலிருந்து ஒரு ரீங்காரம் எழும். அது பிடிக்காதவர்கள் தார் போட்ட வெளிப்பக்க வழியிலேயே போகலாம். ஓட்டவே முடியாது என்றால் சொல்லுங்கள், பாலத்து ஊழியர் ஒருவரே உங்கள் காரை ஓட்டிக்கொண்டு போய் அக்கரையில் விடுவார். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நிறையப் பேர் கேட்கிறார்கள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, லேபர் டே அன்று, காலையில் பாலத்தை மக்கள் நடப்பதற்காகத் திறந்துவிடுகிறார்கள்.

பாலத்துக்குத் தெற்கே இருப்பவர்களை 'டிரால்' என்று யூ பிக்காரர்கள் கூப்பிடுவார்கள். கதைகளில் பாலத்துக்கு அடியில் குடியிருக்கும் பூதம் அது. செல்லமாகத்தான்.

மேக்கினா தீவில் கார் இல்லை என்பது உண்மையா?

உண்மை. 1898லிருந்தே மோட்டார் வண்டிக்குத் தடை. ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டிகள் உண்டு, பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் ஓடும். மற்றபடி எல்லாம் குதிரையும் சைக்கிளும்தான். மளிகை, பார்சல், குப்பை எல்லாமே குதிரை வண்டியில் போகும். தீவைச் சுற்றி 8 மைல் சாலை. அது ஒரு மாநில நெடுஞ்சாலை, எம் 185 என்று எண் போட்டது. மோட்டார் வண்டி ஓடாத நெடுஞ்சாலை நாட்டிலேயே அது ஒன்றுதான். சைக்கிள் வாடகைக்கு எடுத்து நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம். ஒரு பக்கம் முழுக்க ஏரி. கல்லைத் தட்டிக்கொண்டு தண்ணீர் வரும் சத்தமும் எங்கோ ஒரு குதிரையின் குளம்புச் சத்தமும் மட்டும் கேட்கும். கார் இல்லாத ஊரின் அமைதி எப்படி இருக்கும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. படகுத் துறைக்குப் பக்கத்துத் தெருவில் குதிரைச் சாணமும் ஃபட்ஜ் இனிப்பும் சேர்ந்த மணம் அடிக்கும். சுற்றுலா வருபவர்களுக்கே உள்ளூரில் 'ஃபட்ஜி' என்று பெயர்.

டெட்ராய்ட், சூ செயின்ட் மரீ, ஆன் ஆர்பர்: இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தவை?

முதல் இரண்டும் பிரெஞ்சு, இரண்டும் தண்ணீரைச் சொல்பவை. டெட்ராய்ட் என்றால் நீரிணை. 1701ல் அங்கே கோட்டை கட்டியவர் காடிலாக். பிறகு கார் ஒன்றுக்கு அவர் பெயர் போனது. அந்தக் குறுகலான ஆற்றுக்கு எதிர்க்கரை கனடா. வரைபடத்தைப் பாருங்கள்: டெட்ராய்ட் நகர மையத்திலிருந்து கனடா வடக்கே இல்லை, தெற்கே இருக்கிறது. சூ செயின்ட் மரீ என்பதில் 'சூ' ஆற்றின் துள்ளல் நீரோட்டத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். 1668ல் பாதிரிமார் குடியேறிய ஊர், மாநிலத்தின் மிகப் பழைய நகரம் அதுதான்.

ஆன் ஆர்பர் வேறு வகை. 1824ல் ஊரைத் தொடங்கிய இரண்டு பேரின் மனைவியர் பெயரிலும் 'ஆன்' இருந்தது. 'ஆர்பர்' அங்கிருந்த ஓக் மரத் தோப்பு. மிஷிகன் பல்கலைக்கழகம் 1817ல் டெட்ராய்ட்டில் தொடங்கி 1837ல் இங்கே வந்தது.

கவுண்டிப் பெயர்கள் பழங்குடிச் சொற்கள் என்று கேள்விப்பட்டேன், சரியா?

பாதிதான் சரி. மாநிலத்தில் 83 கவுண்டிகள், நம் மாவட்டங்கள் மாதிரி. அல்பீனா, அல்கோனா, ஒஸ்கோடா, டஸ்கோலா போன்றவை பழங்குடிச் சொல் மாதிரி ஒலிக்கும். ஆனால் அவை ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அரசு அதிகாரி உட்கார்ந்து செய்தவை. ஒஜிப்வே அசை ஒன்று, அரபு 'அல்' ஒன்று, லத்தீன் வால் ஒன்று என்று ஒட்டினார். இத்தனைக்கும் அவர் மனைவி ஜேன் ஜான்ஸ்டன் ஒஜிப்வே தாய்க்குப் பிறந்தவர், இரண்டு மொழியிலும் கவிதை எழுதியவர். வீட்டிலேயே மொழி தெரிந்த கவிஞர் இருந்தும் மாநிலத்துக்குக் கிடைத்தது போலிச் சொற்கள்.

இன்னொன்று எனக்கு இதைவிட வருத்தம். 1843ல் உண்மையான பழங்குடித் தலைவர்களின் பெயர் தாங்கிய ஐந்து கவுண்டிகளுக்கு அயர்லாந்துப் பெயர்கள் மாட்டிவிட்டார்கள்: ஆன்ட்ரிம், கிளேர், எம்மட், ராஸ்காமன், வெக்ஸ்ஃபோர்ட். ராஸ்காமன் முன்பு மிகெனாக், ஆமை. ஆன்ட்ரிம் முன்பு மீகிசீ, கழுகு. ராஸ்காமன் என்ற பலகையைத் தாண்டும்போதெல்லாம் அந்த ஆமையை நினைத்துக்கொள்வேன்.

இங்கே இருப்பவர்களை எப்படிச் சொல்வது? 'வுல்வரின் ஸ்டேட்' என்கிறார்களே, அந்த விலங்கு உண்டா?

'மிஷிகேண்டர்' என்பதுதான் வழக்கம். 2017ல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. 'கேண்டர்' என்றால் 'கூஸ்' என்ற பெருவாத்தில் ஆண். 1848ல் ஆபிரகாம் லிங்கன், மிஷிகன் அரசியல்வாதி லூயிஸ் காஸைக் கேலி செய்யப் பயன்படுத்திய சொல் அது. கேலிப் பெயரை மக்களே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். யூ பிக்காரர் 'யூப்பர்'.

வுல்வரின் இங்கே கிட்டத்தட்ட இல்லை. 2004ல் கட்டைவிரல் பகுதியில் ஒன்று தென்பட்டது. சுமார் 200 ஆண்டுகளில் உறுதியாகப் பார்த்தது அதை மட்டும்தான். 2010ல் அது இறந்துபோனது.

பேரேரிகள் உண்மையிலேயே கடல் மாதிரியா?

மறுகரை தெரியாது, அலை அடிக்கும், மணற்கரை உண்டு. உப்பு மட்டும் இல்லை. முகம் கழுவினால் பிசுபிசுக்காது. சுப்பீரியர் ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர், பரப்பில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. ஆழம் 406 மீட்டர் வரை. 'சுப்பீரியர்' என்றால் உயர்ந்தது என்று நினைப்போம். பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது வெறும் 'மேல் ஏரி', மற்றவற்றுக்கு மேலே இருப்பது.

கடல் மாதிரியே கொல்லவும் செய்யும். 1975 நவம்பர் 10 புயலில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் சுப்பீரியரில் மூழ்கியது. 29 பேரும் இறந்தார்கள். 1995ல் மேலே கொண்டுவந்த அதன் மணி ஒயிட்ஃபிஷ் முனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோடையில் நீந்தும்போது கரையில் சிவப்புக் கொடி இருந்தால் தயவுசெய்து இறங்காதீர்கள். ஏரிதானே என்று இறங்குபவர்களைத்தான் நீரோட்டம் இழுத்துப் போகிறது.

சூ லாக்ஸ் என்றால் என்ன? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

சுப்பீரியர் ஏரி ஹியூரனைவிட 21 அடி உயரத்தில் இருக்கிறது. நடுவில், சூ செயின்ட் மரீயில், துள்ளல் நீரோட்டம், கப்பல் போக முடியாது. அதனால் இரண்டு பக்கமும் கதவு வைத்த நீண்ட தொட்டி மாதிரி கட்டியிருக்கிறார்கள். முதலாவது 1855ல் திறந்தது. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி மதகைத் திறப்பார்கள், மேல் ஏரித் தண்ணீர் தானாக உள்ளே நிரம்பும். பம்பு கிடையாது.

பெரிய தொட்டியின் அகலம் 110 அடி. அதில் நுழையும் ஆயிரம் அடிக் கப்பலின் அகலம் 105 அடி. ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அடி இடைவெளி, அவ்வளவுதான். பார்வை மேடையில் நின்றால், இரும்புச் சுவர் ஒன்று சத்தமே இல்லாமல் கண்ணுக்கு எதிரே மெல்ல மேலே ஏறுகிறது. தளத்தில் நிற்கும் மாலுமி முதலில் நமக்குக் கீழே, கொஞ்ச நேரத்தில் நேருக்கு நேர், அப்புறம் நாம் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். கட்டணம் இல்லை. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 25 வரை மூடியிருக்கும்.

டெட்ராய்ட் போகத் தகுந்த ஊரா?

கட்டாயம். 1950ல் 18.5 லட்சம் பேர் இருந்த நகரம் 2020ல் 6.4 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது, 2013ல் திவால் மனுவும் போட்டது. இதை மட்டும் கேட்டுவிட்டுப் பலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். நகரக் கலைக்கூடத்தில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932, 33ல் ஃபோர்டின் ரூஜ் ஆலையைப் பார்த்துத் தீட்டிய 27 சுவரோவியங்கள் நான்கு சுவரையும் நிறைத்திருக்கின்றன. இயந்திரங்களுக்கு நடுவே குனிந்து தள்ளும் தொழிலாளிகளின் முதுகுகளைப் பாருங்கள். திவால் காலத்தில் இந்தக் கலைக்கூடத்தின் சேகரிப்பையே விற்றுவிடுவார்களோ என்ற நிலை வந்து, பல அறக்கட்டளைகள் பணம் போட்டுக் காப்பாற்றின. 1988ல் மூடிப் பாழடைந்து கிடந்த மிஷிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் புதுப்பித்து 2024ல் திறந்தது.

பக்கத்து டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம். ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்த அந்தப் பேருந்து அங்கே நிற்கிறது, உள்ளே ஏறி உட்காரலாம். ஃபோர்டின் தலைமையகமும் டியர்பார்ன்தான். மறைமலை நகர் ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இந்த ஊர்ப் பெயர் முன்பே பழக்கமாக இருக்கும். அரபு அமெரிக்கர் நிறைந்த ஊர் என்பதால் சாப்பாட்டுக்கு, சைவமானாலும், கவலையே இல்லை.

ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகள், பிக்சர்ட் ராக்ஸ், ஐல் ராயல்: நேரம் குறைவு, எதற்குப் போவது?

குழந்தைகள் இருந்தால் ஸ்லீப்பிங் பேர், அதாவது தூங்கும் கரடி. அனிஷினாபே கதை ஒன்று: அக்கரைக் காட்டில் தீப்பிடிக்க, தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் மிஷிகன் ஏரியை நீந்தி வந்தன. தாய் கரையேறிக் காத்திருந்தது, குட்டிகள் வரவில்லை. காத்திருந்த இடம் மணல்மேடு, குட்டிகள் மூழ்கிய இடம் இரண்டு மானிட்டூ தீவுகள். மேட்டின் மேலிருந்து அந்தத் தீவுகளைப் பார்க்கும்போது கதை மனதை என்னவோ செய்யும். ஒரு எச்சரிக்கை: பார்வை மேடைக்குக் கீழே ஏரி வரை சுமார் 450 அடிச் சரிவு. இறங்க சில நிமிடம், ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகும். வயதானவர்கள் இறங்க வேண்டாம்.

அந்தக் கரையோரங்களில் பெட்டாஸ்கி கல் கிடைக்கும். காய்ந்திருந்தால் சாதாரணச் சாம்பல் கல். தண்ணீரில் நனைத்தால் தேனடை மாதிரி அறுகோணங்கள் எழும்பும். 35 கோடி ஆண்டுக்கும் மேல் பழைய பவளத்தின் எச்சம். தேசிய ஏரிக்கரைப் பகுதிக்குள் பொறுக்கக் கூடாது, மற்ற பொதுக் கரைகளில் அளவோடு எடுக்கலாம்.

பிக்சர்ட் ராக்ஸ் சுப்பீரியர் கரையில், மியூனிசிங் ஊர்ப் பக்கம். பாறையில் கசியும் நீரோடு வரும் இரும்பு சிவப்பாகவும் செம்பு பச்சையாகவும் மாங்கனீசு கறுப்பாகவும் வடிந்து நிற்கும். படகில் மாலையில் போங்கள், வெயில் நேராக விழும். ஐல் ராயல் தீவுத் தேசியப் பூங்காவுக்குச் சில நாள் ஒதுக்க வேண்டும். 1958லிருந்து அங்கே ஓநாய்க்கும் மூஸ் மானுக்கும் உள்ள உறவை விடாமல் ஆராய்கிறார்கள்.

எந்த மாதம் வரலாம்? என்ன சாப்பிடலாம்?

ஜூன் முதல் அக்டோபர் நடு வரை. இலை நிறம் மாறுவது யூ பியில் செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கும். குளிர்காலத்தில் ஏரிமேல் வரும் காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டும். கீவினாவில் ஆண்டுக்கு 200 அங்குலம் சாதாரணம். அதே ஏரிதான் வசந்தத்தில் காற்றைக் குளிர்ச்சியாக வைத்துப் பழமரங்கள் அவசரப்பட்டுப் பூத்து உறைபனியில் கருகாமல் காப்பாற்றுகிறது. நாட்டின் புளிப்புச் செர்ரியில் பெரும்பங்கு இங்கே விளைவது அதனால்தான். ஜூலையில் டிராவர்ஸ் சிட்டி சாலையோரக் கடைகளில் வாங்குங்கள். யூ பியில் 'பாஸ்டி' சாப்பிடுங்கள். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்தது, பெரிய சோமாசி மாதிரி இருக்கும். உள்ளே இறைச்சி, உருளைக்கிழங்கு, ருடபேகா கிழங்கு. காய்கறி மட்டும் வைத்ததும் பல கடைகளில் உண்டு.

யாருக்கும் அதிகம் தெரியாத இடம் ஒன்று சொல்லுங்களேன்?

கிச்சிடிக்கிப்பி. மேல் தீபகற்பத்தில் மானிஸ்டிக் ஊருக்குப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் ஊற்று. 200 அடி அகலம், 40 அடி ஆழம், நிமிடத்துக்குப் பத்தாயிரம் கேலனுக்கு மேல் தண்ணீர் சுரக்கிறது. ஆண்டு முழுக்க ஒரே வெப்பநிலை, 7 டிகிரி செல்சியஸ், அதனால் உறைவதில்லை. ஜான் பெல்லேர் என்ற மானிஸ்டிக் கடைக்காரர் இந்த ஊற்றின் மேல் ஆசை வைத்து, தனக்கென்று வாங்காமல், 1926ல் மாநிலத்துக்கு 10 டாலருக்குக் கிடைக்கச் செய்தார்.

நடுவில் சதுரமாகத் திறப்பு வைத்த தெப்பம் ஒன்று கம்பியில் கட்டியிருக்கும். மோட்டார் இல்லை, ஏறுபவர்களில் யாராவது ஒருவர் சக்கரத்தைச் சுற்றினால் தெப்பம் நகரும். நாங்கள் போன அன்று அம்மாதான் சுற்றினார். நடுவுக்குப் போனதும் எல்லாரும் குனிந்தோம். பச்சைத் தண்ணீர், 40 அடிக்குக் கீழே மணல் கொதிக்கும் பால் மாதிரி புரண்டுகொண்டிருந்தது. அதன் மேலே கையளவு பெரிய டிரௌட் மீன்கள் அசையாமல் நின்றன. ஊர் கோவில் குளத்தில் சின்ன வயதில் மீனுக்குப் பொரி போட்டது நினைவுக்கு வந்ததோ என்னவோ, அம்மா சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். பின்னால் இருந்த பையன் வந்து பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள் என்று சைகை காட்டினான்.